உள்ளே வருகிறவர் முதலில் பேச வேண்டும்

1

இந்தக் கதை ஓர் அட்டையிலிருந்து வந்தது. எங்கள் வீட்டு முதல் மாடி அறைக் கதவில் என் மனைவி பரிமளா ஒட்டிய அட்டை. பட்டுப்புடவைப் பெட்டியின் மூடியைக் கத்தரித்து, உள்பக்க வெள்ளையில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறாள்: ‘உள்ளே வருகிறவர் முதலில் பேச வேண்டும்.’ கீழே அதையே பிரெஞ்சில். பிரெஞ்சு வரி எனக்குப் படிக்கத் தெரியாது. தமிழ் வரியை ஏழு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அறையில் அவள் பதினொரு வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தாள். ஏழு வாரத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மேசைமேல் தலை சாய்த்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை வேலூரில் ஒரு மருத்துவமனையில் இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். கடைசிவரை மறைத்து வைத்து உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. பயம் இந்தக் கதையில் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்கு உடனே போக எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே நில்லுங்கள், நேரம் வரும்போது நானே கூப்பிடுகிறேன்.

நான் எழுத்தாளன் இல்லை. ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவன். முன்பு கட்டம் போட்ட தாளில் போட்டேன், இப்போது கம்ப்யூட்டரில். ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினால் மயிலின் கழுத்து ஒடிந்துவிடும். ஒரு மயிலோடு போகாது. பார்டர் முழுக்க, ஆறு கஜத்துக்கும், ஒடிந்த கழுத்தோடு மயில்கள் வரிசையாகப் போகும். தறிக்குப் போகும்வரை திருத்தலாம். போன பிறகு முடியாது.

நாளை காலை ஒரு பெண் புதுச்சேரிக்குப் பஸ் ஏறப் போகிறாள். அதுவரை எனக்கு நேரம் இருக்கிறது.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள். கிழித்துப் போடாமல் இங்கேயே வைக்கிறேன்.

(அ) ‘ஒரு ஊரில் எல்லாரும் வணக்கம் சொல்லாமலே மரியாதையாக இருந்தார்கள்.’

(ஆ) ‘பரிமளா புதுச்சேரியில் பிறந்தவள் என்பதால்’

(இ) ‘அன்று நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்தபோது நான்’

மூன்றாவது, ‘நான்’ என்ற சொல்லில் நின்றுவிட்டது. ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும். வர வேண்டும்.

முதலாவது எனக்குப் பிடித்திருந்தது. அதில் பொய் இல்லை. எங்கள் ஊரில் கடைக்குப் போனால் “அண்ணா, அரை லிட்டர் பால்” என்போம். வணக்கம் மேடைக்கும் பத்திரிகைக்கும் உரியது. அதற்காக மரியாதை தெரியாதவர்கள் என்று ஆகிவிடாது. பெரியவர் முன்னால் சத்தம் போடாமல் நிற்பதுதான் எங்களுக்கு மரியாதை. ஆசிரியர் அறைக்குப் போகிற பிள்ளை வாசலில் கைகட்டி நிற்கும். டீச்சர் நோட்டுத் திருத்துவார், பக்கத்து டீச்சரோடு பேசுவார், டிபன் டப்பாவை மூடுவார். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை பிள்ளை நிற்கும். நானும் அப்படி நின்றவன்தான்.

பரிமளா பதினொரு வருஷம் சண்டை போட்டது இதோடுதான். மார்க்குக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்த பள்ளிப் பிள்ளைகள், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், யார் வந்தாலும் முதல் ஒரு வாரம் இலக்கணம் கிடையாது. கதவுக்கு வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வர வேண்டும். வரும்போது “போன்ஜூர் மதாம்” என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெறும் போன்ஜூர் பாதி வணக்கம் என்பாள். மதாம் என்று சேர்த்தால்தான் முழு வணக்கம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரில் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால்கூட முதலில் இதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ரொட்டி கேட்டால் கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நடித்துக் காட்டுவாள்.

வாயைத் திறக்காமல் வாசலில் நிற்கிற பிள்ளைகளிடம் அவள் சொல்வது எனக்குக் கீழ் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் கேட்கும்:

“நீ மரியாதையா நிக்கற. எனக்குத் தெரியுது. அங்க இருக்கறவளுக்கு நீ திமிரா நிக்கறேன்னுதான் தெரியும்.”

[சனிக்கிழமைகளில் மற்ற மொழிகள். ஆசிரியரைப் பார்த்தால் ஜப்பானில் குனிந்து “ஒஹாயோ கொசாயிமஸ், சென்செய்”, ஜெர்மனில் “குட்டன் டாக்”, ஆற்காட்டு உருதுவில் “ஆதாப், உஸ்தாத்.” கொரிய வணக்கத்தைப் பதினோராம் வகுப்பு பவித்ரா சீரியல் பார்த்தே கற்றுக்கொண்டு வந்து பரிமளாவுக்கே சொல்லிக்கொடுத்தாள். “இன்னாடி, நெட்ல பாக்கறதெல்லாம் எங்கிட்ட இறக்கறியா?” என்று பரிமளா சிரித்தது நினைவிருக்கிறது. இந்தக் குறிப்பைக் கதைக்குத் தேவையில்லை என்று எடுத்துவிட நினைத்தேன். அவள் சிரித்த இடம் வேறெங்கும் வரப்போவதில்லை என்பதால் விட்டுவைக்கிறேன்.]

3

அந்தச் செவ்வாய்க்கிழமை. இது இரண்டாம் தடவை எழுதிய படி. படித்துப் பாருங்கள். இதில் ஒரு கட்டம் தப்பாக நிரப்பப்பட்டிருக்கிறது.

நான்கு பத்துக்கு அபிதா வந்தாள். முழுப்பெயர் அபிதகுசாம்பாள். களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் துரைக்கண்ணுவின் மகள். நர்சிங் முடித்து ஆரணியில் ஒரு கிளினிக்கில் காலை டூட்டி பார்க்கிறாள். கனடாவில் பிரெஞ்சு பேசுகிற பகுதியில் செவிலியர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து ஒன்றரை வருஷமாக பரிமளாவிடம் படித்தாள். அவள் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது வகுப்பில் ஒரு மாதத்துச் சிரிப்பு. “அவங்க உம் பேரக் கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள ப்ளைட் போயிடும்க்கா” என்பாள் பவித்ரா.

மூன்று மணி ஆன்லைன் வகுப்பு முடிந்து, நாலே முக்கால் மணி வகுப்பு தொடங்கும் முன்பு, மேசையில் பத்து நிமிடம் தலை சாய்ப்பது பரிமளாவின் வழக்கம். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேசை ஜன்னலோரம். உட்கார்ந்தால் முதுகு கதவைப் பார்த்திருக்கும். வாசலில் நிற்பவருக்கு முதுகும், பின்னலும், கவிழ்ந்த தலையும்தான் தெரியும்.

அபிதா வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எங்கள் வீட்டில் குடியிருக்கும் ரேணுகாம்பாள் மொட்டை மாடியில் துணி எடுப்பதற்காகப் படியேறி வந்தார். அபிதாவைப் பார்த்தார், அவள் தோளுக்கு மேலே உள்ளே எட்டிப் பார்த்தார்.

“நில்லும்மா. பத்து நிமிஷம் சாஞ்சிருப்பாங்க. எழுந்ததும் அவங்களே கூப்புடுவாங்க.”

அபிதா கைகட்டி நின்றாள். துணிகளோடு இறங்கி வரும்போதும் நின்றுகொண்டிருந்தாள். ரேணுகாம்பாள் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

நான்கு நாற்பதுக்குப் பள்ளிக்கூடம் விட்டு பவித்ரா வந்தாள். வாசலில் நிற்கக் கற்றுக்கொள்ளாத ஒரே பிள்ளை அவள்தான். படியில் பாதியிலிருந்தே “போன்சுவார் மதாம்” என்று கத்திக்கொண்டு வருவாள். அது மாலை வணக்கம். வெளிச்சம் இருக்கும்வரை போன்ஜூர் என்று பரிமளா தினமும் திருத்துவாள். தினமும் இவள் மாற்றிச் சொல்வாள். அந்தத் திருத்தலைக் கேட்பதற்கென்றே சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

அன்றும் கத்தினாள். திருத்தல் வரவில்லை. அபிதாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி பரிமளாவின் தோளைத் தொட்டாள்.

அவள் அலறியது கீழே எனக்கு விசைத்தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அதை எழுதவில்லை.

4

ஆம்புலன்ஸில் அபிதாவும் ஏறினாள். வேலூர் போகும்வரை பரிமளாவின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஒரு கேள்விதான் கேட்டார். எப்போதிலிருந்து இப்படி இருந்தார்கள்? நான் தெரியாது என்றேன்.

பின்னாலிருந்து அபிதா சொன்னாள்: “நாலு பத்துலர்ந்து, டாக்டர். நான் வரும்போதே சாஞ்சிருந்தாங்க. நாலு நாப்பது வரைக்கும் நான் வாசல்ல நின்னுகினு இருந்தேன்.”

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் யார் என்று கேட்டார். அவள் மாணவி என்று சொல்லியிருக்கலாம். நர்ஸ் என்றாள்.

முப்பது நிமிடத்தையும் அவள் மறைக்காமல் சொன்னாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அந்த முப்பது நிமிடம் ஊருக்கு வந்து சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. நர்சுக்குப் படித்த பெண்ணாம், டீச்சர் செத்துக்கொண்டிருக்கும்போது மரமாட்டம் பார்த்துகினு நின்றதாம் என்று பால் பூத்தில் பேசினார்கள். நான் டிசைன் கொண்டுபோய்க் கொடுக்கும் புடவைக் கடையில் பேசினார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, எனக்காக அவள்மேல் கோபப்பட்டார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நின்றது மரியாதையாகத்தான் இருந்திருக்கும்.

கருமாதி அன்று துரைக்கண்ணு வந்தார். மாலையோடும் ஒரு பை அரிசியோடும் வந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். பிறகு என் அருகில் வந்து, உயரமான அந்த மனிதர் முதுகை வளைத்துக்கொண்டு, கையைக் கூப்பினார்.

“எங்க பொண்ணு பண்ணதுக்கு நீங்க மன்னிச்சிக்கணும் சார்.”

நான் பரவாயில்லை என்றேன்.

எழுதும்போது ஒரு சொல்லை மாற்றி வேறு சொல் போடலாம். அந்த ‘பரவாயில்லை’க்குப் பதிலாக எத்தனையோ போட்டுப் பார்த்துவிட்டேன். அன்று பந்தலடியில் வாயிலிருந்து வந்தது அதுதான். பெண் செய்ததை நான் மன்னித்துவிட்டேன் என்ற நிம்மதியோடு அவர் களம்பூர் பஸ் ஏறினார்.

5

இந்தப் பகுதியைக் காலையிலிருந்து தள்ளிப்போட்டேன். ஒரு பாத்திரத்தின்மேல் எனக்கிருக்கும் சந்தேகத்தைப் பற்றியது இது.

ரேணுகாம்பாள். அவரைக் கவனித்தீர்களா? அவருக்கு வயது சொல்லவில்லை. என்ன புடவை கட்டியிருந்தார் என்று சொல்லவில்லை. புடவைக்கு டிசைன் போடுகிறவன் அதைச் சொல்லாமல் விடுவானா? கதைக்குள் வந்தார், ஒரு வாக்கியம் பேசினார், துணியை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒரு வாக்கியத்தைப் பேசுவதற்காகவே வந்தவர்.

எங்கள் வீட்டில் குடித்தனம் இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடக் கொடி இல்லை. தண்ணீர் டேங்க் மட்டும் இருக்கிறது.

போய் வாருங்கள் அம்மா. உங்களைக் கூப்பிட்டது தப்பு.

இப்போது (இ)யை முடிக்கிறேன்.

அன்று நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்தபோது நான் மோட்டார் போட்டிருந்தேன். டேங்க் நிரம்பியதா என்று பார்க்க அவள் பின்னாலேயே மேலே போனேன். முதல் மாடியில் திரும்பும்போது அபிதா கதவருகில் இருந்தாள். மூன்றாம் பகுதியில் ‘அபிதா வாசலில் நின்றாள்’ என்று எழுதினேன். அதுவும் சரியில்லை. அவள் நிற்கவில்லை. ஒரு காலை வாசல்படிக்கு உள்ளே வைத்திருந்தாள். கை கட்டியிருக்கவில்லை. வாய் திறந்திருந்தது. போன்ஜூர் மதாம் என்று சொல்லத்தான் போனாள். ஒன்றரை வருஷமாகக் கற்றுக்கொண்டதைச் செய்யப் போனாள்.

நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முதுகு, பின்னல், கவிழ்ந்த தலை. களைத்திருக்கிறாள், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று நினைத்தேன். இதை அன்பு என்று எழுத ஆசையாக இருக்கிறது. அன்புதான்.

“நில்லும்மா” என்றேன். “பத்து நிமிஷம் சாஞ்சிருப்பாங்க. எழுந்ததும் அவங்களே கூப்புடுவாங்க.”

அவள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். கைகட்டினாள்.

மேலே டேங்கில் மிதவை சிக்கியிருந்தது. அதைச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் ஆனது. இறங்கும்போதும் அவள் அப்படியே நின்றாள். நல்ல பெண் என்று நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் கண் என்னிடம் ஏதோ கேட்டது. நர்சிங் படித்த கண். எவ்வளவு நேரமாக இவர் அசையவில்லை என்று அது கேட்டிருக்கலாம். கேட்டதா, அல்லது ஏழு வாரமாக நானே அதை அங்கே வைத்துப் பார்க்கிறேனா என்று தெரியவில்லை. நான் கீழே போய் மயிலுக்குக் கட்டம் நிரப்பினேன்.

அவ்வளவுதான். டாக்டரிடம் அவள் விட்டுவிட்டது இதுதான். பால் பூத்திலும் அவள் சொல்லவில்லை. அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டபோதும் சொல்லவில்லை என்று தெரிகிறது. டீச்சருடைய வீட்டுக்காரர், அதுவும் துக்கத்தில் இருப்பவர். அவரைச் சொல்லக்கூடாது. இது எங்கள் ஊர் மரியாதை. நான் அவளுக்கு நினைவுபடுத்திய அதே மரியாதை.

அந்த முப்பது நிமிடம் எதையாவது மாற்றியிருக்குமா என்று டாக்டரை நான் கேட்கவில்லை. இல்லை என்று சொன்னால் இத்தனை நாள் ஒரு பெண்ணை வீணாக எரியவிட்டேன் என்று ஆகும். ஆம் என்று சொன்னால்

6

முந்தைய வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மேலே போகிறேன்.

மற்ற பிள்ளைகள் வேறு இடத்தில் ஆன்லைனில் சேர்ந்துவிட்டார்கள். அபிதா மட்டும் தினமும் வருகிறாள். பரிமளாவின் புத்தகங்களும் ஒலிப்பதிவுகளும் இங்கேதான் இருக்கின்றன என்பது காரணம். நான்கு பத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். மாடி வாசலில் சிறிது நேரம் பேசாமல் நிற்பாள். பிறகு உள்ளே போய்ப் படித்துவிட்டு ஆறு மணிக்கு இறங்குவாள். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இன்று அதைப் பற்றி என்னிடம் கேட்டுவிடுவாள் என்று பயப்படுகிறேன். ஆறு மணிக்கு அவள் போன பிறகு, என்றுமே கேட்க மாட்டாள் என்று பயப்படுகிறேன். இரண்டாவது பயம் பெரியது.

நேற்றுக் காலை துரைக்கண்ணு வந்தார். தலையில் உமி ஒட்டியிருந்தது. மில்லிலிருந்து நேராக வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

விஷயம் இதுதான். நாளை புதுச்சேரியில் அபிதாவுக்கு வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். இதில் தேறினால் வேலை உறுதி. தவறினால் அடுத்த தேர்வு வருவதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். போன வாரம் ஒரு பயிற்சித் தேர்வு வைத்தார்கள், போனில், முகம் பார்த்து. தேர்வாளர் அம்மாள் திரையில் வந்தார். இவள் கைகட்டினாள். அவர் காத்திருந்தார். இவள் வாய் திறக்கவில்லை. முதல் வணக்கத்தைத் தாண்டவே முடியவில்லை.

“படிச்சதெல்லாம் தூக்கத்துலகூடச் சொல்றா சார். யாருனா முன்னாடி வந்துட்டா வாயே தொறக்க மாட்டன்றா. ஊமையாட்டம் நின்னுகினு கீறா.”

அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்திருந்தது.

“நீங்க ஒரு வார்த்த சொல்லணும் சார். ‘உம்மேல தப்பு இல்லம்மா’ன்னு. நாங்க சொன்னா, ‘உனக்கு இன்னாப்பா தெரியும், நீ அங்க இருந்தியா’ன்றா.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க அங்க இருந்தீங்க இல்ல?”

வீட்டில்தானே இருந்தேன் என்ற பொருளில் கேட்டாரா? வேறு பொருளிலா? அவர் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த, தூங்காத முகம். அதில் எனக்கு எதுவும் படிக்கத் தெரியவில்லை. பிரெஞ்சு வரி மாதிரி இருந்தது.

நாளைக்கு அனுப்பி வையுங்கள், சொல்கிறேன் என்றேன்.

[‘நாளைக்கு’ என்பது இன்று. துரைக்கண்ணு வந்தது நேற்று, தேர்வு நாளை. ‘நாளை புதுச்சேரியில்’ என்று இன்றிலிருந்து கணக்குப் போட்டு எழுதிவிட்டேன். திருத்தவில்லை. நேரம் மூன்று ஐம்பது.]

7

முடிவுகள்.

முதல் முடிவு: நான் டாக்டருக்குப் போன் செய்கிறேன். முப்பது நிமிடத்தால் எந்த வித்தியாசமும் இல்லை என்கிறார். அதை அபிதாவிடம் சொல்கிறேன். இருவரும் அழுகிறோம். இதை எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதக்கூடாது.

இரண்டாம் முடிவு: துரைக்கண்ணு கேட்டதை அப்படியே செய்கிறேன். “உம்மேல தப்பு இல்லம்மா.” அவள் தலையாட்டுகிறாள். நாளை தேர்வில் ஒருவேளை வாய் திறக்கிறாள், வேலை கிடைக்கிறது. கனடாவில் பனி பெய்யும் ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில், படுக்கையில் கண்மூடியிருக்கும் ஒரு கிழவி அருகில் நிற்கிறாள். எழுப்பலாமா வேண்டாமா என்று நிற்கிறாள். தப்பு அவள்மேல் இல்லையென்றால் பின் யார்மேல் என்று அவளுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை என்பதும் தெரியும். இது பாதி வணக்கம். பரிமளா திரும்ப வெளியே அனுப்பிவிடுவாள்.

மூன்றாம் முடிவு: எல்லாவற்றையும் சொல்கிறேன். ‘நீ உள்ளே போகத்தான் இருந்தாய், நிறுத்தியது நான். அதை யாரிடமும் சொல்லாமல் உன்னை எரியவிட்டதும் நான். உன் அப்பாவிடம், பால் பூத்தில், புடவைக் கடையில் எல்லாம் நானே போய்ச் சொல்கிறேன்.’ இதுவரை எழுத முடிகிறது. அதற்குப் பிறகு அவள் பேச வேண்டும்.

அபிதா சொன்னாள்: “

மூன்று தாள் வீணாகிவிட்டது. மன்னித்தேன் என்று எழுதினால் என் ஆசை. ஏன் சார் இவ்வளவு நாள் என்று எழுதினால் அதுவும் ஒரு விதத்தில் என் ஆசைதான். திட்டு வாங்கினால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளலாம். ஏழு வாரம் அவளைப் பேசவிடாமல் வைத்திருந்தவன் அவளுக்கு வசனம் எழுதக்கூடாது. மேற்கோள் குறியைத் திறந்தே வைக்கிறேன்.

8

செருப்புச் சத்தம் கேட்டது. நான்கு பத்து.

இதையெல்லாம் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. பரிமளாவின் மேசையில். வீட்டில் வேறு நல்ல மேசை இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ஜன்னலோரம், முதுகு கதவுக்கு. எழுதுகிறவன் தலை கவிழ்ந்துதான் இருக்கும்.

படியேறி வந்துவிட்டாள். இன்று பக்கத்து வீட்டில் கரண்ட் இல்லை, தறி ஓடவில்லை. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. வாசலில் நிற்கிறாள். அங்கிருந்து அவள் கண்ணுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். முதுகு, கவிழ்ந்த தலை. பேனா பிடித்த கை முன்னால் இருக்கிறது; அசைவது பின்னாலிருந்து தெரியாது.

இப்போதுதான் புரிகிறது. நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அவளுக்கு அந்த முப்பது நிமிடத்தை மறுபடியும் கொடுக்கிறது. நான்கு வரி எழுதிவிட்டேன். ஐந்தாவது இது.

உள்ளே வருகிறவர் முதலில் பேச வேண்டும் என்று அட்டை சொல்கிறது. அவளால் முடியாது, முடியாமல் செய்தது நான். அப்படியானால் உள்ளே இருக்கிறவர் பேச வேண்டும். கழுத்தைத் திருப்ப வேண்டும், அவள் கண்ணைப் பார்க்க வேண்டும், ‘நில்லு’ என்று சொன்ன வாயால் வேறு ஒன்று சொல்ல வேண்டும். அதைத் தாளில் எழுத முடியாது. எழுதினால் அதுவும் வாசலில் நிற்பதுதான்.

நீங்களும் வாசலில்தான் இருக்கிறீர்கள். முதல் பகுதியில் உங்களிடம் சொன்னது நினைவிருக்கிறதா? நில்லுங்கள், நேரம் வரும்போது நானே கூப்பிடுகிறேன் என்றேன். அந்த வாக்கியத்தை நம்பி இவ்வளவு தூரம் பேசாமல் நின்றீர்கள். இனி நம்ப வேண்டாம். அதை நம்பி நின்றவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்துவிட்டீர்கள்.

முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். இன்னும் அரைப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்துத்தான் பயம். அதை நிரப்பிக்கொண்டே உட்கார்ந்துவிடுவேனோ என்று. நான் நிமிராவிட்டால் கூப்பிடுங்கள். எந்த மொழியானாலும் சரி. நேரம் தப்பினாலும் சரி. பவித்ரா மாதிரி, பாதிப் படியிலிருந்தே, சத்தமாக.